பதிவேட்டில் நிலைத்த பெயர்: அண்ணல் அம்பேத்கரின் உயர்கல்வி வாழ்வு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்கு அண்ணல் அம்பேத்கரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அண்ணலின் அரசியல் சட்டப் பணியைப் பற்றியும், வட்டமேசை மாநாடுகளில் அவர் எழுப்பிய உரிமைக் குரலைப் பற்றியும், 1956ஆம் ஆண்டில் நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியதைப் பற்றியும் மேடைதோறும் கேட்டு வருகிறோம். அவர் பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களை வரிசையாக அடுக்கி, விழா அழைப்பிதழ்களில் அச்சிட்டு மகிழ்கிறோம். ஆனால் அந்தப் பட்டங்கள் ஒவ்வொன்றும் எவ்வாறு கைக்கு வந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் எந்த நிலையில் சேர்ந்தார், படிப்பு எங்கே தடைப்பட்டது, தடைப்பட்ட படிப்பு எவ்வாறு மீண்டும் தளிர்த்தது என்பதை நாம் பேசுவதே இல்லை. அதையே நம் இளைஞர்களுக்குச் சொல்ல விழைகிறேன். கல்லூரி வாயிலைக் கடந்து மேற்படிப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இன்று மிகுதியும் வேண்டப்படும் பாடம் இதுவே என்பது என் எண்ணம்.

கோணிப்பையில் தொடங்கிய கல்வி

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைக் குடியிருப்பில் அண்ணல் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளியின் ஆசிரியராகவும் பணியாற்றியவர். பதினான்காவது பிள்ளையாகப் பிறந்த அண்ணல், இளமையிலேயே தாயார் பீமாபாயை இழந்தார். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு அமர அவருக்கு இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணிப்பையின்மீது தனியே அமர்ந்தார். தண்ணீர்க் குழாயைத் தாமே திறக்க அவருக்கு உரிமையில்லை. வேறொருவர் திறந்துவிட்டால் குடிக்கலாம், இல்லையேல் தாகத்தோடு இருக்க வேண்டும்.

பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது சமஸ்கிருதம் கற்க விரும்பினார். அந்தப் பாடம் அவருக்கு மறுக்கப்பட்டதால் பாரசீகத்தை எடுத்துக்கொண்டார். பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருந்தும், வகுப்பறையின் எல்லாக் கதவுகளும் அவருக்குத் திறக்கவில்லை. சேர்க்கை வேறு, சேர்ந்தவனுக்குரிய முழு உரிமை வேறு என்பதை அண்ணல் அந்த வயதிலேயே பட்டறிந்தார்.

1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். அந்நாளில் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவன் இத்தேர்வில் வெல்வது பெருஞ்செய்தி. பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. அக்கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அம்மாணவருக்குப் பரிசளித்தார். பின்னர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றபோது பணமில்லாமல் படிப்பு தடுமாறியது. அப்போது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அறிமுகப்படுத்தியவரும் அந்த ஆசிரியரே. மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். அதைக்கொண்டு பொருளாதாரமும் அரசியலும் பயின்று, 1912ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. தேர்வில் தேறினார். ஒரு மாணவனைக் கைப்பற்றி அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நான் இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் என் கடமையையும் நினைத்துக்கொள்கிறேன்.

மேற்படிப்பில் பல நிலைகள்

கதையைத் தொடருமுன் ஒன்றை விளக்கியாக வேண்டும். பள்ளியில் சேர்ந்தவன் மாணவன், சேராதவன் மாணவனல்லன். அங்கே இவ்விரண்டே நிலைகள். பட்டப்படிப்பிற்கு மேற்பட்ட கல்வியில் அவ்வாறன்று. அங்கே ஒருவர் பல்கலைக்கழகத்தோடு கொள்ளும் உறவு பல வகைப்படும்.

ஒரு பட்டத்தைக் குறித்து முறையாகச் சேர்த்துக்கொள்ளப்படுவது ஒரு வகை. பட்டம் கருதாமல் பாடம் கேட்கவோ ஆய்வு செய்யவோ மட்டும் இடம் பெறுவது மற்றொரு வகை. குறித்த சான்றிதழை அல்லது தேர்ச்சியைப் பிறகு காட்டுவதாக ஒப்புக்கொண்டு நிபந்தனையோடு சேர்வது மூன்றாவது வகை. சேர்ந்த பின்னரும், முழுநேர மாணவர் உண்டு. பணியில் இருந்துகொண்டு பயிலும் பகுதிநேர மாணவர் உண்டு. முறைப்படி விடுப்புப் பெற்று வெளியே இருப்பவர் உண்டு. படிப்பையும் ஆய்வேட்டையும் முடித்தும், கடைசி விதி ஒன்று நிறைவேறாமையால் பட்டம் பெறாமல் காத்திருப்பவர் உண்டு. உரிய காலத்தில் எதையும் செய்யாமையால் பெயர் நீக்கப்பட்டவரும் உண்டு.

இந்த நிலைகள் அலுவலக எழுத்தர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மாணவனின் எதிர்காலம் இவற்றில்தான் தொங்குகிறது. அண்ணல் அம்பேத்கர் தம் மாணவ வாழ்வில் இவற்றுள் பெரும்பாலான நிலைகளைத் தாமே கடந்து வந்தவர். அதனால்தான் அவர் வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து காண வேண்டும் என்கிறேன்.

கொலம்பியாவில் மூன்றாண்டுகள்

1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் மறைந்தார். குடும்பப் பொறுப்பு இளைஞரின் தோளில் விழுந்த அந்த ஆண்டிலேயே, அமெரிக்கா சென்று பயில மன்னரின் உதவித்தொகையும் வந்தது. மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவி. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். ஜூன் மாதத்தில் கையொப்பமிட்டுவிட்டு, ஜூலையில் நியூயார்க் நகரை அடைந்தார்.

அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் புலத்தில், பட்டத்தைக் குறித்துப் பயிலும் முறையான முதுநிலை மாணவராகச் சேர்ந்தார். பம்பாயில் பெற்ற பி.ஏ. பட்டமே அவருக்கு நுழைவுச் சீட்டாயிற்று. கோணிப்பையில் தனியே அமர்ந்தவர், இங்கே எல்லோரோடும் ஒரே பலகையில் அமர்ந்தார். ஒரே மேசையில் உண்டார். பாரசீக மறுபு இளைஞரான நவல் பதேனா அவருடைய அறைத்தோழரானார். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

முதல் சில மாதங்கள் புதிய உரிமையின் மகிழ்ச்சியில் கழிந்தன. பிறகு தம் நிலையை எண்ணிப் பார்த்தார். உதவித்தொகைக்கு எல்லை மூன்றாண்டுகளே. அதன் பின்னர் ஒரு நாளும் தம்முடையதன்று. அன்றுமுதல் நூலகமே அவருக்கு வீடாயிற்று. பட்டத்திற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு அவர் நிற்கவில்லை. பொருளாதாரத்தில் 29 பாடப்பிரிவுகள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனப் பதிவு செய்துகொண்டு பயின்றார். அவற்றோடு பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் தொடக்கப் பாடம் கற்றார். பொருளாதார அறிஞர் எட்வின் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி முதலியோர் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர்.

1915ஆம் ஆண்டில் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916ஆம் ஆண்டு மே மாதத்தில், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. அவ்வாண்டிலேயே இந்தியாவின் தேசிய வருவாயைப் பற்றிய ஆய்வேட்டை முனைவர் பட்டத்திற்காக அளித்தார், அது ஏற்கப்பட்டது.

ஆனால் பட்டம் வழங்கப்படவில்லை. ஆய்வேட்டை நூலாக அச்சிட்டு, உரிய படிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த பின்னரே முனைவர் பட்டம் வழங்குவது அந்நாளில் அங்கே விதி. அச்சிடப் பணம் வேண்டும். உதவித்தொகையில் வாழும் மாணவரிடம் அது ஏது? படிப்பு முடிந்தும் பட்டம் கைக்கு வராத நிலையில் அண்ணல் கொலம்பியாவை விட்டுப் புறப்பட்டார். அந்தப் பட்டத்தின் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

லண்டனில் முதல் பதிவு

1916ஆம் ஆண்டில் லண்டன் சேர்ந்தார். செலிக்மனின் பரிந்துரை அவருக்குத் துணை நின்றது. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியர் பாக்ஸ்வெல், அண்ணல் ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவர் என்றும், ஆய்வுக்காக மட்டும் வந்திருக்கிறார் என்றும் கருதினார். இத்தகையவர் இங்கே மாணவராகச் சேர்ந்து அடைய இனி என்ன இருக்கிறது என்ற கருத்துப்படப் பள்ளியின் செயலருக்கு எழுதினார். அது பெரும் பாராட்டுத்தான். எனினும் அதன்படி நடந்திருந்தால், அண்ணல் பட்டம் கருதாத ஆய்வாளராக மட்டும் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

அண்ணல் அவ்வாறு விடவில்லை. முதுநிலைப் பட்டத்திற்கு முறைப்படி தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். கட்டணம் 10 பவுன் 10 ஷில்லிங். புவியியலில் மெக்கிண்டர், சமூகவியலில் ஹாப்ஹவுஸ் போன்ற அறிஞர்களிடம் பாடம் கேட்டார். அதே நேரத்தில் கிரேஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திலும் பாரிஸ்டர் படிப்புக்குச் சேர்ந்தார். அச்சங்கங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறித்த எண்ணிக்கையில் சங்கத்தின் மண்டபத்தில் எல்லோரோடும் அமர்ந்து விருந்துண்ண வேண்டும். உண்டால்தான் அந்தப் பருவம் கணக்கில் சேரும். சொந்த நாட்டின் பள்ளியில் ஒரு குவளைத் தண்ணீருக்குத் தவித்தவருக்கு, பிறர் நாட்டில் உடனிருந்து உண்பதே படிப்பின் ஒரு பகுதியாயிற்று!

அறுந்துபோகாத இழை

1917ஆம் ஆண்டில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா அரசு அவரைத் திரும்ப அழைத்தது. எம்.எஸ்சி. முடியவில்லை, பாரிஸ்டர் படிப்பும் முடியவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இந்த நிலையில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? மனமுடைந்து, மூட்டை கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பியிருப்போம்.

அண்ணல் அவ்வாறு செய்யவில்லை. தம் நிலையை விளக்கி, லண்டன் பல்கலைக்கழகத்திடம் முறைப்படி அனுமதி கேட்டார். நான்காண்டுகள் வரை விடுப்பில் இருந்து, அதற்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் எனப் பல்கலைக்கழகம் 1917ஆம் ஆண்டு ஜூலையில் இசைவளித்தது. இளைஞர்களே, இந்த ஓர் இசைவை நன்கு கருத்தில் கொள்ளுங்கள். அண்ணலின் வாழ்வில் இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் வந்த எம்.எஸ்சி. பட்டமும் டி.எஸ்சி. பட்டமும் இந்த ஒரு தாளின்மீது நின்றவையே.

தாயகம் திரும்பியவருக்குத் துன்பம் காத்திருந்தது. அவர் வேறாக அனுப்பிய நூல்களைச் சுமந்து வந்த கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் மன்னரின் படைத்துறைச் செயலராகப் பணியேற்றார். அலுவலக ஏவலர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமீது எறிந்தனர். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றினர். அமெரிக்காவில் ஆய்வேடு ஏற்கப்பட்ட அறிஞர், ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். சில நாட்களிலேயே பம்பாய் திரும்பினார்.

வாழ்க்கைக்காகப் பல வேலைகளை முயன்றார். 1918ஆம் ஆண்டில் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. அங்கும் ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதை எதிர்த்த பேராசிரியர்கள் இருந்தனர். 1919ஆம் ஆண்டில் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின்முன் நம் மக்களுக்காகச் சாட்சியம் அளித்தார். 1920ஆம் ஆண்டு ஜனவரியில் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவே, லண்டன் தந்த நான்காண்டுக் காலம் கரைந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் ஷாகு 1,500 ரூபாய் உதவினார். பழைய அறைத்தோழர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். நல்ல ஊதியம் தந்த பேராசிரியர் பதவியைத் துறந்து, 1920ஆம் ஆண்டில் மீண்டும் லண்டன் சென்று மாணவரானார். நான்காண்டுகள் முடிய இன்னும் காலம் இருந்தது. கதவு அடைபடவில்லை.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். என்ற இரண்டு பட்டங்களே உள்ளன. நம் கழகம் தொடங்கப்பெற்ற காலத்தை ஒட்டி, நானும் அஞ்சல்வழியில் எம்.ஏ. பயிலப் பதிவு செய்தேன். முதலாண்டுத் தேர்வில் தேறினேன். இரண்டாமாண்டில் தங்கையின் திருமணம் வந்தது. தேர்வுக் கட்டணத்தைக் கட்ட இயலவில்லை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த ஆண்டு தந்தையார் படுத்த படுக்கையானார். சில ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, என் பதிவுக்குரிய காலம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். காலம் நீட்டித்துத் தருமாறு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குற்றம் பல்கலைக்கழகத்தினுடையதன்று. வறுமை என்னை நிறுத்தியது உண்மை. ஆனால் நிரந்தரமாக நிறுத்தியது என் அறியாமையே. அண்ணலுக்கும் எனக்கும் உள்ள அறிவின் தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. எனினும் ஒரு விண்ணப்பம் எழுதும் அளவுக்காவது நான் அவரைப் பின்பற்றியிருக்கலாம் அன்றோ?

பசியோடு பெற்ற பட்டங்கள்

இரண்டாம் முறை லண்டன் சென்ற அண்ணலுக்கு அரச உதவி இல்லை. கட்டணமும் 11 பவுன் 11 ஷில்லிங்காக உயர்ந்திருந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு குவளைத் தேநீர். பின்னர்ப் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். மாலை மூடும் வரை அங்கிருந்து எழுவதில்லை. நண்பகல் உணவுக்குப் பணமும் இல்லை. இரவில் பசி மிகும்போது, ஊரிலிருந்து வந்த அப்பளத்தைச் சுட்டு உண்டதும் உண்டு. பம்பாயிலே துணைவியார் ரமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பம் காத்தார். பெற்ற பிள்ளைகளுள் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். மற்றவர்களை இளமையிலேயே பறிகொடுத்தனர். அண்ணலின் பட்டங்களைப் போற்றும்போது, அந்த அம்மையாரின் கண்ணீரையும் நாம் மறத்தலாகாது.

1921ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு தவறு நேர்ந்தது. கோடைத் தேர்வுக்கான விண்ணப்பப் படிவத்தை உரிய நாளில் அனுப்ப அண்ணல் தவறிவிட்டார். ஆம், அண்ணலேதான்! பள்ளியின் செயலரான மேயர் அம்மையார், காலங்கடந்து படிவம் அளிக்க அனுமதி வேண்டிப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். அவ்வாண்டிலேயே அண்ணல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். பேரறிஞருக்கும் படிவம் மறந்துபோகும். மறந்ததை மறைக்காமல் உரியவரிடம் சொன்னால் வழி பிறக்கும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

அதே 1921ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரம் பயிலத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். ஆனால் லண்டன் வேலைகள் அவரை விடவில்லை. பாடங்களில் சேராமையால், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் பெயர் அங்கே நீக்கப்பட்டது. அண்ணலின் பெயராயினும் விதி விதியே. அவருடைய பட்டங்களின் வரிசையில் பான் நகரத்துப் பட்டம் எதுவும் இல்லை. ஒரே மாணவர், ஒரே காலம். இழையைப் பிடித்திருந்த லண்டனில் பட்டம் கிடைத்தது. இழை நழுவிய பானில் பதிவே மறைந்தது.

1922ஆம் ஆண்டில் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. அடுத்து, ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்திற்காக லண்டன் பல்கலைக்கழகத்தில் அளித்தார். 1923ஆம் ஆண்டு மார்ச்சில் அது முதன்முறை ஏற்கப்படவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியைக் கடுமையாகச் சாடியதால் மறுக்கப்பட்டது என்று பலர் எழுதியுள்ளனர். ஆனால் அவருடைய மாணவர் கோப்பில் அதற்கான குறிப்பு இல்லை. காரணம் எதுவாயினும், திருத்தி மீண்டும் அளிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. கையில் பணம் தீர்ந்திருந்தமையால் ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தபடியே ஆய்வேட்டைத் திருத்தினார். ஆகஸ்டில் மீண்டும் அளிக்கப்பட்டது, நவம்பரில் ஏற்கப்பட்டது. அது நூலாக வெளிவந்தபோது, பேராசிரியர் எட்வின் கேனன், சில கருத்துகளில் உடன்படாதவராயினும், முன்னுரை எழுதிச் சிறப்பித்தார். மறுக்கப்பட்ட ஆய்வேடு தோற்ற ஆய்வேடு அன்று. திருத்தப்படாமல் பெட்டியில் கிடக்கும் ஆய்வேடே தோற்ற ஆய்வேடு.

பதினோராண்டு காத்திருந்த பட்டம்

இனிக் கொலம்பியாவின் கதைக்கு வருவோம். 1916ஆம் ஆண்டில் படிப்பு முடிந்தும் வழங்கப்படாத முனைவர் பட்டத்தை அண்ணல் கைவிட்டுவிடவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அவருடைய நூலை, 1925ஆம் ஆண்டில் லண்டன் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. பழைய ஆசிரியர் செலிக்மன் முன்னுரை எழுதினார். கல்விக்குக் கைகொடுத்த பரோடா மன்னருக்கு அந்நூலைக் காணிக்கையாக்கினார் அண்ணல். உரிய படிகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. 1927ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் முனைவர் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது.

அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் அருந்தி உரிமையை நிலைநாட்டியவர் அண்ணல். மூன்று மாதங்கள் முடியுமுன் கொலம்பியாவின் பட்டமும் வந்தது. களத்தில் போராடினார், அதற்காகக் கல்விக் கணக்கை முடிக்காமல் விடவில்லை. கல்விக் கணக்கை முடித்தார். அதற்காகக் களத்தை விட்டு விலகவில்லை.

பின்னர் 1952ஆம் ஆண்டில் அதே கொலம்பியாவும், 1953ஆம் ஆண்டில் உஸ்மானியா பல்கலைக்கழகமும் அவருக்குச் சிறப்புப் பட்டங்கள் வழங்கின. அவை பல்கலைக்கழகங்கள் தாமாக முன்வந்து அளித்த பெருமைகள். ஆனால் முந்திய பட்டங்கள் ஒவ்வொன்றும் விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, தேர்வெழுதி, ஆய்வேடு திருத்திப் பெற்றவை. முன்னவை இல்லையேல் பின்னவை ஏது?

தாம் கடந்த வழியைப் பிறருக்கும் அமைத்தவர்

தாம் மட்டும் ஏறிவிட்டு ஏணியைத் தள்ளிவிட்டவரல்லர் அண்ணல். 1924ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறுஆண்டிலேயே சோலாப்பூரில் மாணவர் விடுதி அமைத்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944ஆம் ஆண்டில், பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மெட்ரிகுலேஷனுக்குப் பிந்திய கல்வி உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946ஆம் ஆண்டில் அதன் சார்பில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. ஓர் உதவித்தொகை முடிந்ததால் படிப்பு அறுந்த வேதனையை அறிந்தவர், பிறர் படிப்பு அறுந்துவிடாதிருக்க வழி செய்தார்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

அன்பார்ந்த இளைஞர்களே! இன்று நம் நாட்டிலும் முனைவர் பட்டப் படிப்புக்குத் தெளிவான விதிகள் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, இப்படிப்புக்குக் குறைந்த காலம் 3 ஆண்டுகள். மிகுந்த காலம் 6 ஆண்டுகள். அதற்குள் முடியாவிடில் மறுபதிவு செய்துகொண்டு மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உடையோருக்கும் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேற்றுக்காக 240 நாட்கள் வரை விடுப்பு உண்டு. பணியில் இருப்போர், பணியிடத்தின் தடையின்மைச் சான்று பெற்றுப் பகுதிநேரமாகப் பயிலலாம். சேர்க்கைக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; நம் பிள்ளைகளுக்கு அதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. இவை யாரோ இடும் பிச்சையல்ல; நம் உரிமைகள். ஆனால் உரிமை உள்ளது என்று அறியாதவனுக்கு உரிமை இருந்தும் பயனில்லை.

ஆகவே, மேற்படிப்பில் சேரும்போது எந்த நிலையில் சேர்கிறீர்கள் என்று கேட்டறியுங்கள். அது பட்டத்திற்குரிய சேர்க்கையா, நிபந்தனைச் சேர்க்கையா, முழுநேரமா, பகுதிநேரமா எனத் தெளிவு பெறுங்கள். பதிவுக் காலம் எந்த நாளில் முடிகிறது என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். கட்டிய கட்டணத்தின் பற்றுச்சீட்டைப் பாதுகாத்திடுங்கள். துன்பம் வரும், வறுமை வரும், வீட்டில் நோய் வரும், சில இடங்களில் இழிவும் நேரும். அப்போது ஓய்ந்து நிற்க நேர்ந்தால் நில்லுங்கள். ஆனால் சொல்லாமல் விலகாதீர்கள். ஒரு விண்ணப்பம் எழுதி, அனுமதி பெற்று, திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். எழுதத் தெரியாவிடில் நம் கழகத்திற்கு வாருங்கள். எழுதித் தருவதற்கு நானும் என் போன்ற ஆசிரியர்களும் இருக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கழகம் நடத்துவது வேறெதற்கு?

பல தலைமுறைகளாக எந்த ஏட்டிலும் நம் முன்னோரின் பெயர் ஏறவில்லை. ஏறிய பெயரை அழியாமல் காப்பது இனி நம் கடமை. அண்ணல் காத்தார், நாமும் காப்போம். நம் கல்விக் கழகம் பொன்விழாக் காணும் நாளில், அந்த மலரில் முனைவர் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பல பக்கங்களுக்கு நீளட்டும்.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!